முதல் கவளம்

பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிக்குளம், பாடாலூர், நக்கசேலம் பக்கம் வெங்காய அறுவடை நடக்கும் நாட்களில் காலைச் சாப்பாடு வரப்பிலேயே முடிந்துவிடும். தூக்குவாளியில் பழைய சோறு, கொஞ்சம் மோர், உப்பு. தொட்டுக்கொள்ள அப்போதுதான் பிடுங்கிய சின்ன வெங்காயம். சாப்பிடுகிறவர்களின் கையைக் கவனித்தால் ஒரு வரிசை தெரியும். முதலில் வெங்காயத்தில் ஒரு கடி. கண்ணில் லேசாக நீர் கட்டும். அதன் பிறகுதான் நீராகாரம் வாய்க்குப் போகும்.

இந்த வரிசையைத்தான் இந்த அத்தியாயம் பேசப்போகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் வாயில் படும் அந்தச் சிறு பொருளை ஓட்டல் பட்டியல்கள் ஸ்டார்ட்டர் என்கின்றன. ரஷ்ய மேசையில் அது ஊறிய வெள்ளரிக்காயும் உப்பிட்ட மீனும். லெபனானில் எலுமிச்சை பிழிந்த கீரையும் ஊறவைத்த டர்னிப்பும். பெருவில் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன், செவிச்சே என்பார்கள். இத்தாலியில் ஆலிவ் காய். வங்காளத்தில் பாகற்காயும் வேப்பிலையும் சேர்ந்த கசப்புக் கறி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பண்டங்களாகத் தெரிந்தாலும், இவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பொதுக்குணம் புலப்படும். அளவு கொஞ்சம், சுவை உரப்பு, பெரும்பாலும் எண்ணெய் குறைவு. இவை வயிற்றை நிரப்ப வந்தவை அல்ல. சாப்பாடு வருகிறது என்ற சேதியை உடலுக்குள் கொண்டுபோக வந்தவை.

அந்தச் சேதி எப்படிப் போகிறது என்பதைப் பார்க்க, பெரம்பலூர், அரியலூரைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து அரியலூர் 2001-இல் ஒரு முறை பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007-இல் நிலையாகத் தனி மாவட்டமானது. மேற்கே கரிசல் மண்ணில் சின்ன வெங்காயம். கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் செம்மண்ணில் முந்திரி. பசியைக் கிளப்பும் பொருள் ஒரு மாவட்டத்தில், பசியை அடக்கும் பொருள் அடுத்த மாவட்டத்தில். இரண்டையுமே ஓட்டல்காரர்கள் சாப்பாட்டின் தொடக்கத்தில் வைக்கிறார்கள்.

வெங்காயத்திலிருந்து தொடங்குவோம்.

உரிக்காத வெங்காயத்தை மூக்கருகே வைத்துப் பாருங்கள். நெடி இருக்காது. நெடி வெங்காயத்துக்குள் ஒளிந்திருக்கவில்லை. அங்கே அது உண்டாகவே இல்லை. வெங்காயச் செல் ஒவ்வொன்றிலும் இரண்டு பொருட்கள் தனித்தனியே பூட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று ஐசோஅல்லீன் என்னும் கந்தகச் சேர்மம். இன்னொன்று அல்லினேஸ் என்னும் நொதி, செல்லுக்குள்ளேயே ஒரு தனிப் பைக்குள் அடைபட்டிருக்கிறது. தீக்குச்சியும் தீப்பெட்டியின் உரசுபட்டையும் போல, பக்கத்திலேயே இருந்தாலும் உரசும்வரை ஒன்றும் நடக்காது. கத்தியோ பல்லோ செல்லைக் கிழிக்கும்போது பை உடைந்து நொதி வெளியே வரும். கண நேரத்தில் ஐசோஅல்லீன் சிதைந்து சல்பீனிக் அமிலம் ஆகும். அதை இரண்டாவது நொதி ஒன்று பிடித்து, ஆவியாகிக் கண்ணுக்கு ஏறும் பொருளாக மாற்றுகிறது. அந்த இரண்டாவது நொதி இருப்பதே வெகுகாலம் யாருக்கும் தெரியாது. கண்ணீர்ப் பொருள் தானாகவே உண்டாகிறது என்று நினைத்திருந்தார்கள். 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைப் பிரித்துக் காட்டினார்கள். பின்னர் கண்ணீர் வரவழைக்காத வெங்காயத்தையே வளர்த்துச் சந்தைக்கும் கொண்டுவந்தார்கள்.

செடியைப் பொறுத்தவரை இது தற்காப்பு. மண்ணுக்குள் இருக்கும் பூச்சி கடித்தால் அதன் வாயிலேயே வெடிக்கும் ஏற்பாடு. நாம் கடித்தாலும் அதேதான். அதனால்தான் பச்சை வெங்காயத்தின் வேதியியல் அடுப்பிலோ அம்மியிலோ அல்லாமல் நம் வாய்க்குள் நடக்கிறது. முழு வெங்காயத்தைச் சாம்பாரில் போட்டால், செல் கிழிவதற்கு முன்பே சூடு நொதியைக் கெடுத்துவிடும். அப்புறம் காரம் பிறக்க வழியில்லை. சர்க்கரை மட்டும் மிஞ்சும். சாம்பார் வெங்காயம் இனிப்பதும் வரப்பு வெங்காயம் சுரீரென்று ஏறுவதும் ஒரே காயின் இரண்டு விதிகள். இத்தாலியர்கள் இதே அளவுச் சின்ன வெங்காயத்தை முழுதாக வேகவைத்து, காடியும் சர்க்கரையும் சேர்த்துச் சாப்பாட்டுக்கு முன் வைக்கிறார்கள். அதில் நெடி இருக்காது. புளிப்புதான் வேலை செய்யும்.

பல்லாரியைவிடச் சின்ன வெங்காயத்தில் தண்ணீர் குறைவு, சத்துச்சரக்கு கூடுதல். அதனால் கடிக்குக் கடி காரமும் கூடுதல். காரத்தின் அளவை மண்ணில் உள்ள கந்தகமும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விடேலியா என்னும் ஊர் வெங்காயம் ஆப்பிளைப்போலக் கடித்துத் தின்னும்படி இனிப்பதற்குக் காரணம், அந்த மணற்பாங்கான மண்ணில் கந்தகம் சொற்பமாக இருப்பது.

ஒரு வார்த்தை இங்கே சொல்லியாக வேண்டும். சின்ன வெங்காயம் பெரும்பாலும் விதையிலிருந்து அல்ல, போன பருவத்தில் எடுத்துவைத்த காயிலிருந்தே நடப்படுகிறது. அந்தக் காயைக் காப்பாற்ற விவசாயிகள் காற்று புகும்படி மூங்கிலும் கீற்றும் வைத்துப் பட்டறை போடுகிறார்கள். மழை இறங்கினாலோ திருகல் நோய் வந்தாலோ வயலும் போய் அடுத்த பருவத்து விதையும் போய்விடும். ஒரு கிலோ வெங்காயத்தின் விலை ஏறியிறங்குவதைச் செய்தியாக மட்டும் படிக்கிறவர்கள் இந்தப் பட்டறைகளை ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

சரி, வாயில் பிறந்த அந்தக் காரம் என்ன செய்கிறது?

நாக்கு அறியும் அடிப்படைச் சுவைகளில் உறைப்பு கிடையாது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் இறைச்சிச் சாற்றிலும் தக்காளியிலும் வரும் உமாமி, இவ்வளவுதான். உறைப்பு என்பது சூட்டையும் எரிச்சலையும் உணரும் நரம்புகளின் வேலை. மிளகாயின் காப்சைசின், சூட்டை உணரும் ஒரு புரதக் கதவைத் திறக்கிறது என்பதை டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் கண்டுபிடித்தது. 2021-இல் அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. மிளகின் பைப்பரினும் அதே கதவைத்தான் தட்டுகிறது. கடுகு, பூண்டு, வெங்காயம், ஜப்பானிய வசாபி ஆகியவை இன்னொரு கதவை, எரிச்சலூட்டும் பொருட்களை அறியும் கதவைத் தட்டுகின்றன. சுரீரென்று மூக்குக்கு ஏறும் காரமும், நாக்கில் தங்கி எரியும் காரமும் வேறு வேறாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

எரிச்சல் வந்ததும் உடல் அதைக் கழுவப் பார்க்கிறது. கண்ணில் நீர், மூக்கில் நீர், வாயில் நீர். ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் நமக்குச் சுரக்கிறது. அதில் பெரும்பகுதி சாப்பாட்டை ஒட்டியே. அதிலுள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்குகிறது. வெறும் சோற்றை நிதானமாக மென்றால் இனிக்கும். அந்த இனிப்பு அமைலேஸின் வேலை. அதோடு, உமிழ்நீரில் கரையாத எதையும் நாக்கு சுவைக்க முடியாது. வாய் உலர்ந்த நிலையில் உண்ணும் முதல் வாய் எப்போதும் மண்ணாகத்தான் தெரியும். சுவைகளில் உமிழ்நீரை மிக வேகமாக இழுப்பது புளிப்பு. இப்போது வரப்புச் சாப்பாட்டைத் திரும்பப் பாருங்கள். இரவு முழுக்க நீரில் கிடந்து லாக்டிக் அமிலம் ஏறிய சோறு, உப்பு, கந்தகக் காரம். உலகத்தின் பெரிய சமையல்காரர்கள் ஒரு ஸ்டார்ட்டரில் என்னென்ன வேண்டும் என்று சொல்வார்களோ அத்தனையும் அந்தத் தூக்குவாளியில் இருக்கிறது.

வாயோடு கதை முடிவதில்லை. வாயில் நடப்பதை வயிறு எப்படி அறிகிறது என்று கண்டவர் இவான் பாவ்லோவ். மணியடித்ததும் எச்சில் ஊறிய நாயின் கதையால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காக அல்ல. செரிமானச் சுரப்பிகள் பற்றிய ஆராய்ச்சிக்காக. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் நாய்களின் உணவுக்குழாயைக் கழுத்தில் வெளிப்பக்கம் திறந்துவிட்டார். நாய் இறைச்சியை விழுங்கும், ஆனால் அது வயிற்றுக்குப் போகாமல் கழுத்து வழியே கீழே விழுந்துவிடும். வயிற்றில் ஒரு துணுக்குகூடச் சேரவில்லை. இருந்தும் ஐந்தாறு நிமிடத்தில் வயிற்றில் செரிமான நீர் பெருகியது. மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் அந்தச் சுரப்பு நின்றது. ஆக, வயிற்றை முதலில் எழுப்புவது உள்ளே போன உணவு அல்ல. நாக்கும் மூக்கும் கண்ணும் மூளைக்குச் சொல்லி, மூளை வயிற்றுக்குச் சொல்கிறது. மனிதர்களிலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வழியில்தான் வருகிறது என்கின்றன பாடநூல்கள்.

பாவ்லோவ் இன்னொன்றும் செய்தார். நாய்க்குத் தெரியாமல், அது பார்க்காமல் மோப்பம் பிடிக்காமல், நேராக வயிற்றுக்குள் உணவை வைத்துப் பார்த்தார். ரொட்டியும் வெந்த முட்டை வெண்கருவும் அங்கே நெடுநேரம் அப்படியே கிடந்தன; சுரப்பு வரவில்லை. இறைச்சிச் சாறு வைத்தபோது மட்டும் வந்தது. இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஆசையில்லாமல் உள்ளே தள்ளிய உணவை வயிறு வரவேற்பதில்லை என்பது ஒன்று. தட்டைப் பார்க்கவிடாமல் திரையைக் காட்டிக்கொண்டே குழந்தைக்கு ஊட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். சூப் என்பது வெறும் வழக்கமல்ல என்பது மற்றொன்று. எலும்பையும் இறைச்சியையும் கொதிக்கவைத்து இறக்கிய சாற்றில் உள்ள புரதத் துணுக்குகள் வயிற்றின் சுவரையே நேரடியாகத் தூண்டுகின்றன. கேஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் வழியாக இது நடக்கிறது என்பது பின்னால் தெரியவந்தது. மாலையில் பேருந்து நிலையத்துப் பக்கம் ஆட்டுக்கால் சூப் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு இரவுச் சாப்பாட்டில் பசி எடுப்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

நம் ஊரில் இந்த அறிவு மருந்துப்பெட்டி வழியாக இலைக்கு வந்தது. நாட்டு மருந்துக் கடைகளில் அஷ்ட சூரணம் என்று கேட்டால் கொடுப்பார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், கருஞ்சீரகம், ஓமம், பெருங்காயம், இந்துப்பு என்று எட்டுச் சரக்கு. அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. வெந்நீரில் கலக்கி விழுங்குவது வழக்கமல்ல. முதல் பிடி சோற்றில் ஒரு சிட்டிகை தூவி, நெய் விட்டுப் பிசைந்து உண்ண வேண்டும். சுண்டைக்காய், வேப்பம்பூ, மிளகு, சுக்கு எல்லாம் வறுத்துப் பொடித்த அங்காயப் பொடிக்கும் அதே இடம், இலையில் முதல் கவளம். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும், காய்ச்சலில் நாக்கு செத்துப்போனவருக்கும், வயதானவர்களுக்கும் இதைத்தான் முதலில் கொடுத்தார்கள்.

இதை இன்றைய அறிவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பைப்பரின் தண்ணீரில் கரையாது, நெய்யில் கரையும். ஆகவே நெய் அதை நாக்கு முழுவதும் பரப்புகிறது. நெய்யின் அளவு ஒரு தேக்கரண்டிதான், பசியை அடக்கும் அளவுக்குப் போகாது. பெருங்காயத்தின் வாடை கந்தகச் சேர்மங்களால் ஆனது. வெங்காயத்தின் நெடிக்கு உறவுக்காரன். வெங்காயமும் பூண்டும் சேர்க்காத வீடுகளின் சமையலிலும் அந்தக் கந்தகம் வேறு வாசல் வழியே வந்துவிட்டது. உப்பு வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது முதலில் வருகிறது. அதே பொடியைக் கடைசிக் கவளத்தில் போட்டால் பாவ்லோவின் நரம்புக்குச் சொல்ல அதனிடம் செய்தி ஒன்றும் இருக்காது.

பசி என்பதற்கு ஹார்மோன் கணக்கு ஒன்றும் உண்டு. 1999-இல் கோஜிமாவும் கங்காவாவும் ஜப்பானில் கண்டறிந்த கிரெலின், வயிற்றிலேயே சுரந்து மூளைக்குப் போய்ப் பசியைச் சொல்கிறது. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது தானாக ஏறுகிறது. எனவே ஸ்டார்ட்டர் பசியை உண்டாக்குகிறது என்பதைவிட, ஏற்கனவே எழுந்த பசிக்குச் சுரப்பிகளைத் தயாராக்குகிறது என்பதே சரி. பசியே இல்லாத நேரத்தில் எவ்வளவு உயர்ந்த ஊறுகாயை நக்கினாலும் சோறு இறங்காது.

வேறு நாடுகளின் ஸ்டார்ட்டர் ஒன்றின் உறவினரைப் பார்க்க அரியலூரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை, காலடியிலேயே பார்க்கலாம். அரியலூர் நகரை ஒட்டியுள்ள கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறைகளில் கிரிஃபியா என்னும் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஆராய்ந்து 1862-இல் எழுதினார். அவருக்குப் பின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இவற்றின் புதைபடிவங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தார். இன்று வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. சிமெண்டு ஆலைகளுக்குப் போகும் லாரிகளில் ஏறுவதும் இந்தச் சுண்ணாம்புப் பாறைதான்.

சமையல் அத்தியாயத்தில் கல்லுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்தக் கிரிஃபியாவின் உறவினர்கள்தான் பிரான்சிலும் அயர்லாந்திலும் அமெரிக்கக் கடற்கரையிலும் விருந்தின் முதல் தட்டில் உயிரோடு வருகிற ஆய்ஸ்டர் சிப்பிகள். பச்சையாக, ஒரு சொட்டு எலுமிச்சையோடு. சாப்பாட்டின் தொடக்கத்துக்கு அவை ஏன் இவ்வளவு பொருந்துகின்றன என்பதற்கு அவற்றின் உடல்தான் பதில். கடல்நீரின் உப்பு, சிப்பியின் உடலிலிருந்து நீரை உறிஞ்சிவிடப் பார்க்கும். அதை ஈடுகட்ட, சிப்பி தன் செல்களுக்குள் கிளைசின், அலனின், குளுடாமிக் அமிலம் போன்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கடல் எவ்வளவு உப்போ அவ்வளவுக்கு அந்தச் சேமிப்பு கூடும். கிளைசின் நாக்கில் இனிக்கும். குளுடாமிக் அமிலம்தான் 1908-இல் கிகுனாயே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்து உமாமி என்று பெயரிட்ட சுவை. கடலில் உயிர்தப்பச் சிப்பி செய்துகொண்ட ஏற்பாட்டை நாக்கு ருசி என்று படிக்கிறது. கொழுப்போ நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில்தான். உப்பு, இனிப்பு, உமாமி மூன்றும் சேர்ந்து சுரப்பிகளைத் தட்டி எழுப்புகின்றன. வயிறு மட்டும் காலியாகவே இருக்கிறது.

அந்தச் சுவைக் கூட்டு நம்மிடமும் இருக்கிறது. தக்காளியில் குளுடாமிக் அமிலம் நிறைய. அதோடு பருப்புத் தண்ணீர், புளி, மிளகு, பெருங்காயம், உப்பு. ரசத்தைவிடச் சரியாகக் கணக்குப் போட்ட தொடக்கப் பானம் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. ஆங்கிலேயர்கள் நம் மிளகுத்தண்ணியைத் தங்கள் ருசிக்கு மாற்றி, விருந்தின் தொடக்கத்தில் முல்லிகடானி சூப் ஆக்கிக்கொண்டார்கள். நாம் அதைச் சாம்பாருக்குப் பிறகு நடுவில் ஊற்றுகிறோம். அதற்கும் ஓர் அறிவியல் நியாயம் உண்டு. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது, வயிறு நிறைவதற்கு முன்பே அந்தச் சுவை மட்டும் அலுத்துவிடும்; வேறு சுவைக்கு ஆசை அப்படியே இருக்கும். பார்பரா ரோல்ஸும் அவருடைய சகாக்களும் 1981-இல் இதை விவரித்தார்கள். பின்னர் அவர்கள் நடத்திய சோதனையில், நான்கு வெவ்வேறு பதார்த்தங்களை அடுத்தடுத்துக் கொடுத்தபோது, ஒரே பதார்த்தத்தை நான்கு முறை கொடுத்ததைவிட 60 சதவீதம் கூடுதலாக உள்ளே போனது. சாம்பாரில் தளர்ந்த நாக்கை ரசம் மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவருகிறது. துருக்கியிலும் லெபனானிலும் மெஸே என்று இருபது சின்னக் கிண்ணங்களைப் பரப்பிவைத்து மாலை முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க முடிவதும் இதனால்தான். கல்யாண இலையில் ஏன் அளவு தெரியாமல் சாப்பிடுகிறோம் என்பதற்கும் இதுவே விடை.

கசப்பைப் பற்றிச் சுருக்கமாக. வங்காளிகள் சுக்தோ என்னும் கசப்புக் கறியோடு மதியச் சாப்பாட்டைத் தொடங்குகிறார்கள். இத்தாலியர்கள் கசப்பு வேர்கள் ஊறிய மதுவோடு. கசப்பு பசியைத் தூண்டும் என்பது உலகம் முழுக்கப் பேசப்படும் நம்பிக்கை. 2017-இல் வியன்னாவில் வெரோனிகா சோமோசா குழு காஃபினை வைத்துச் சோதித்தபோது விஷயம் இன்னும் நுணுக்கமாகத் தெரிந்தது. கசப்பை உணரும் புரதங்கள் வயிற்றின் அமிலம் சுரக்கும் செல்களிலும் இருக்கின்றன. நாக்கில் படாமல் காஃபின் நேராக வயிற்றுக்குப் போனால் அமிலச் சுரப்பு கூடியது. நாக்கில் மட்டும் பட்டால் சுரப்பு தள்ளிப்போனது. நஞ்சாக இருக்கலாம், பொறு என்று நாக்கு சொல்வதாக இதைப் புரிந்துகொள்ளலாம். எனவே கசப்பை வாயில் வைத்து நிறுத்தாமல் விழுங்கி இறக்குவதில்தான் பலன் என்று தோன்றுகிறது. வேப்பம்பூ ரசத்தை நாம் மென்று கொண்டிருப்பதில்லை.

முந்திரிக்கு வருவோம். வெங்காயத்துக்கு நேர் எதிர்முனை இது. நூறு கிராம் பருப்பில் ஏறத்தாழ 44 கிராம் கொழுப்பு, 18 கிராம் புரதம், 550 கிலோகலோரி. கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கத்தை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோன் வெளிப்படுகிறது. அது இரண்டு வேலை செய்கிறது. வயிற்றின் வாயிலை இறுக்கி, உள்ளதை மெதுவாக இறக்குகிறது; வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குப் போதும் என்று சொல்கிறது. பாவ்லோவ் கண்ட அதே நரம்பில் செய்தி இப்போது எதிர்த்திசையில், கீழிருந்து மேலே போகிறது.

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடக்கும்போது எந்த ஓட்டலிலும் ஸ்டார்ட்டர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சிக்கன் 65, கோபி மஞ்சூரியன், பன்னீர் டிக்கா, முந்திரிப் பக்கோடா. வயிறு நிரப்பும் பண்டங்களைத் தொடக்கம் என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். முப்பது கிராம் முந்திரியைப் பொரித்து மாவோடு தந்தால், அந்தப் பருப்பிலேயே 13 கிராம் கொழுப்பு போகும். மாவும் எண்ணெயும் தனி. போதும் என்ற செய்தி மூளைக்கு எட்டக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் பிரியாணி வந்துவிடும். பசி கிளம்பிய நாக்கும், அடங்கத் தொடங்கிய வயிறும் ஒரே மேசையில் சண்டை போடுகின்றன. வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்சு கரிக்கிறது என்று சொல்கிறவர்கள் பிரியாணியைக் குறைசொல்கிறார்கள். முதல் தட்டையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

முதல் தட்டு எப்போதும் சாப்பாட்டைக் கூட்டும் என்பதும் இல்லை. 2007-இல் பென்சில்வேனியாவில் ரோல்ஸும் ஜூலி ஃப்ளட்டும் சாப்பாட்டுக்கு முன் காய்கறி சூப் கொடுத்துப் பார்த்தபோது, சூப்பையும் சேர்த்தே கணக்கிட்டாலும் மொத்தக் கலோரி 20 சதவீதம் குறைந்தது. அங்கே சூப் வயிற்றை நிரப்பும் அளவுக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு டம்ளர் ரசம் பசியைக் கிளப்பும்; ஒரு சொம்பு ரசம் பசியை அடக்கும். உடல் எடையைக் குறைக்க வேண்டியவருக்கு இரண்டாவது வழி, சாப்பிடவே பிடிக்காத முதியவருக்கு முதல் வழி. இரண்டும் ஒரே அடுப்பில் கொதிப்பதுதான்.

முந்திரியின் மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அதன் பருப்பை மட்டும் கொண்டாடிவிட்டுப் பழத்தைத் தரையில் விடுகிறோமே என்பதுதான் வருத்தம். மரத்தின் தாயகம் பிரேசிலின் வடகிழக்கு. போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கொட்டையின் ஓட்டிலுள்ள பால் தோலைப் பொத்துவிடும் என்பது ஓடு உடைக்கும் பெண்களுக்குத் தெரியும். அவர்கள் கையைப் பார்த்தாலே புரியும். அதன் மேலே தொங்கும் பழமோ சாறு நிறைந்தது, வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு. பங்குனி, சித்திரையில் ஆண்டிமடம் பக்கத்துத் தோப்புகளில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே போட்டுவிடுகிறார்கள். பறித்த பழம் ஒரு நாளைத் தாண்டித் தாங்காது. தொண்டை காறும் என்ற புகாரும் உண்டு.

அந்தக் காறல்தான் அதை ஸ்டார்ட்டராக்கும் குணம். பழத்திலுள்ள டானின்கள் உமிழ்நீரின் வழுவழுப்பைத் தரும் புரதங்களோடு ஒட்டி அவற்றைத் திரளவைக்கின்றன. வாய் சொரசொரப்பாகிறது, ஈடுகட்ட உமிழ்நீர் மறுபடி சுரக்கிறது. கொஞ்சமாக இருந்தால் வாயைக் கழுவித் தயாராக்கும், அதிகமானால் தொண்டையைப் பிடிக்கும். அளவுக்குக் கொண்டுவருவது கடினமில்லை. சில நிமிடம் ஆவி காட்டினாலோ உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலோ டானின் குறையும். சாறாக எடுத்தால், காய்ச்சிய ஜவ்வரிசிக் கஞ்சியைக் கலந்து வைக்கலாம். டானின் அதோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்த சாறு நிற்கும். பிரேசிலில் கரும்புச் சாராயத்தோடு தொட்டுக்கொள்ள முந்திரிப் பழத்தை நறுக்கி உப்புப் போட்டு வைக்கிறார்கள். நமக்குச் சாராயம் வேண்டாம். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்பு, மிளகுத்தூள், நாலு சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்தால், இரண்டு மாவட்டமும் ஒரே கிண்ணத்தில் வரும். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். அந்தத் தோப்புகள் அங்கிருந்து எட்டிவிடும் தூரம்தான். பழம் ஒரு நாள்தான் தாங்கும் என்றால், விற்க வேண்டிய இடம் அந்த ஒரு நாளுக்குள் போய்ச்சேரும் சாலையோரத்து ஓட்டல்கள்தான்.